செயலாளர் ஆண்டறிக்கை: நேரலை நாடகங்கள் பார்த்த ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர் பெருமக்களே, வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி, நமது திரைப்படக் கழகத்தின் இவ்வாண்டுத் திரையிடல்களை 1950களின் அமெரிக்க, பிரிட்டிஷ் தொலைக்காட்சி நாடகங்களுக்கு ஒதுக்கினோம். வாரம் ஒரு புதுக் கதை, புது நடிகர்கள், ஒத்திகை முடிந்த கையோடு நேரடி ஒளிபரப்பு. வசனம் மறந்தால் மறந்ததுதான். சபா நாடகம் பார்த்து வளர்ந்த மூத்த உறுப்பினர்களுக்கு இதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

முதல் கூட்டத்தில் 'ட்வெல்வ் ஆங்ரி மென்'. 1954 செப்டம்பர் 20 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான சி.பி.எஸ்.ஸின் 'ஸ்டூடியோ ஒன்' வரிசையில் வந்தது. சினிமாவானது அதற்குப் பிறகு. படம் மங்கலாக இருக்கிறது என்று என்னைக் கடிந்துகொண்டார்கள். ஒளிபரப்பாகும்போதே தொலைக்காட்சித் திரைக்கு எதிரே பிலிம் கேமராவை வைத்து எடுத்த கினெஸ்கோப் பிரதி அது, அவ்வளவுதான் தெளிவு. அதன் முழுப் பிரதி 2003இல்தான் கிடைத்தது என்று சொன்ன பிறகு முணுமுணுப்பு அடங்கியது.

'மார்ட்டி' (1953, நடிப்பு ராட் ஸ்டைகர்) அனைவருக்கும் பிடித்திருந்தது. எனக்கு ஆஸ்கர் வென்ற 1955ஆம் ஆண்டு சினிமாவைவிட இதுவே மேல்; தலைவர் ஒப்புக்கொள்ளவில்லை.

மறக்க முடியாத கூட்டம் 'ஜட்ஜ்மென்ட் அட் நியூரம்பர்க்'. 1959 ஏப்ரலில் 'பிளேஹவுஸ் 90' வரிசையில் ஒளிபரப்பானது. நாஜிகளின் விஷவாயுக் கூடங்களைப் பற்றிப் பேசும்போது நடிகரின் உதடு அசைகிறது, சத்தமில்லை. நம் உறுப்பினர் ஒருவர் எழுந்துபோய் ஸ்பீக்கர் வயரை ஆட்டிப் பார்த்தார். வயரின் குற்றமல்ல. நிகழ்ச்சிக்கு விளம்பரம் கொடுத்தது எரிவாயு வணிகர்களின் அமெரிக்கன் கேஸ் அசோசியேஷன். 'கேஸ்' என்ற சொல் வந்த இடத்தில் ஒலியை அமுக்கிவிட்டார்கள். அன்று தேநீர் ஆறிப்போகும்வரை விவாதம் நடந்தது.

பிரிட்டனின் 'ஆர்ம்சேர் தியேட்டர்' நாடக வரிசை பற்றி உரை மட்டும். 1958 நவம்பர் 30 அன்று 'அண்டர்கிரவுண்ட்' நாடகம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, இரு காட்சிகளுக்கு நடுவே, நடிகர் கேரத் ஜோன்ஸ் மாரடைப்பில் இறந்துபோனார். மற்ற நடிகர்கள் அவருடைய வசனங்களைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டு, இல்லாத இடத்தை வாயால் நிரப்பி, நாடகத்தை முடித்துவைத்தார்கள். கேட்ட நமக்கே கை நடுங்கியது.

டைட்டானிக் கப்பல் கதையை 1956இல் 107 நடிகர்கள், 31 அரங்குகளுடன் நேரலையாக நடத்திய 'எ நைட் டு ரிமெம்பர்' திரையிடல் மழையால் ரத்தானது. கப்பல் கதைக்குப் பொருத்தம்தான் என்றாலும், வரும் ஆண்டில் கட்டாயம் போடுவோம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். அதில் ஒன்று சேர்க்க வேண்டும்: அன்று ஆட்டிப் பார்த்த ஸ்பீக்கர் வயர் அதன்பிறகு நிஜமாகவே பழுதாகிவிட்டது. புதியது வாங்கப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

நன்றி. வணக்கம்.

செயலாளர்