பைன் தூக்கிக்கொண்டு போன பெயர்

யாங்கோன்

அன்புள்ள செல்வத்துக்கு,

கடிதமும் பொட்டலமும் வந்து சேர்ந்தன. உன் மகள் துருக்கியிலிருந்து கொண்டுவந்த மெனெங்கிச் காப்பியை வீட்டில் எல்லோரும் குடித்துப் பார்த்தோம். காப்பி என்பது சும்மா மரியாதைக்கு. காப்பிக்கொட்டையே கிடையாது, ஒரு மரத்தின் சின்னப் பழங்களை வறுத்து அரைத்தது. பாலில் போட்டுக் காய்ச்சினால் வறுத்த பிஸ்தா வாசனையும், அடியில் லேசான பிசின் நெடியும் வருகின்றன. வீட்டுக்காரிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. எனக்கு ஒரு கப் போதும்.

அது என்ன மரம் என்று கேட்டிருந்தாய். டெரிபிந்த். பிஸ்தாவுக்குப் பங்காளி, துருக்கியில் இதன் கன்றிலும் பிஸ்தாவை ஒட்டுக்கட்டுகிறார்கள். மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள வறண்ட கல்மேடுகளில் வளரும். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. அசுவினிப் பூச்சி தாக்கினால் இலையில் ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த புடைப்பு வரும். சாயத்துக்கும் தோல் பதனிடவும் அதைக்கூட விடாமல் பறித்திருக்கிறார்கள்.

என்னைப் பிடித்துக்கொண்டது பிசின்தான். மொகல் தெருக் கடையில் ஆயுள் முழுக்க, பெயின்ட் கரைக்கிற டர்பன்டைன் அளந்து ஊற்றியவன் நான். அது பைன் மரத்துச் சரக்கு. ஆதியில் அந்தப் பெயரில் விற்றது இந்த டெரிபிந்தின் பிசினாம். கிரேக்கத்துக் கியோஸ் தீவுச் சரக்குக்குத் தனி மதிப்பு. கோடையில் பட்டையைக் கீறி, அடியில் தட்டைக் கல் போட்டு வைப்பார்கள். தேன் பதத்தில் வழிந்து கல்லில் படிவதைச் சுரண்டி எடுத்து வடிகட்டுவார்கள். பைன் பிசின் மலிவாக, ஏராளமாக வர, பெயர் அதற்குப் போய்விட்டது. நம் தெருவில் நாம் பார்க்காத 'ஒரிஜினல்' போர்டா!

பழைய காலத்தில் இதற்கு இருந்த கிராக்கியைக் கேள். ஈரானில் ஹாஜி ஃபிரூஸ் என்ற இடத்தில் தோண்டி எடுத்த, சுமார் 7,000 வருடத்துக்கு முந்தைய ஜாடியில் திராட்சை மதுவோடு இந்தப் பிசினும் இருந்திருக்கிறது. மது புளித்துக் காடியாகாமல் இருக்கப் போட்டதாம். 1982-இல் துருக்கிக் கடலோரத்தில் கடற்பஞ்சு எடுக்கப் போனவர் ஒருவர் கண்ணில் பட்ட உலுபுருன் கப்பல், 3,300 வருடத்துக்கு முன் மூழ்கியது. அதில் செம்பு, கண்ணாடியோடு சுமார் 150 ஜாடிகளில் ஒரு டன் அளவுக்கு இந்தப் பிசின்! அன்றைக்கு எவனோ ஒரு வியாபாரி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டிருப்பான்.

இத்தனைக்கும் பைனோடு இந்த மரத்துக்கு உறவே கிடையாது. இது மாமரக் குடும்பம். முந்திரி, சேராங்கொட்டை, நம் பர்மாவின் தித்சி மரம் எல்லாம் அதே வம்சம். மாங்காய்ப் பால் பட்டு உனக்கு வாய் வெந்தது நினைவிருக்கும். அந்தக் குணம் தித்சியில் பத்து மடங்கு. பகான் ஊர் லாக்கர் மெருகுச் சாமானுக்குப் பூசுவது அதன் பால்தான். மரத்திலிருந்து வரும்போது வெளுப்பாக இருக்கும்; காற்றுப் பட்டதும் கறுக்கும். டெரிபிந்தின் பிசின், அதிலுள்ள வாசனை எண்ணெய் பறந்துபோகப் போக இறுகும், வெயில் போதும். தித்சிக்கு ஈரக்காற்று வேண்டும். அதனால்தான் பகானில் ஒவ்வொரு பூச்சுக்கும் சாமானை நிலவறைக்குள் கொண்டுபோய் வைக்கிறார்கள். நல்ல சாமான் முடிய மாதக்கணக்காகும். விலையைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்களுக்கு இதை யார் சொல்வது?

அப்புறம், நீ கேட்ட லாக்கர் வெற்றிலைப் பெட்டிக்குச் சொல்லிவிட்டேன். அவசரப்படுத்தாதே. வந்ததும் உடனே வெற்றிலையை அடுக்காமல், நெடி போகிறவரை திறந்து வை. அரிப்பு வந்தால் என்னைத் திட்டக்கூடாது.

அன்புடன்,
மாணிக்கம்