கழற்றிய பாகத்தைக் கையில் கொடுங்கள்: டீசல் கார் பட்டறைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பட்டறை உரிமையாளர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் சின் மிங், உபி, காக்கி புக்கிட் என்று நீங்கள் எங்கே இருந்தாலும் இந்த மடல் உங்களுக்குத்தான். தமிழில் எழுதினால் எங்களுக்கு எப்படிப் புரியும் என்று உங்களில் பலர் கேட்கலாம். உங்கள் பட்டறையில் காருக்கு அடியில் படுத்து வேலை பார்ப்பவர்களில் நம்மூர்த் தம்பிகள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் படித்துச் சொல்வார்கள். சொல்லத் தயங்கினால், ஏன் தயங்குகிறார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

இதை எழுதும்போது மேசையில் ஒரு ரப்பர் குழாய் கிடக்கிறது. சுண்டுவிரல் கனம், ஒரு சாண் நீளம். சும்மா பார்த்தால் ஒன்றும் தெரியாது. வளைத்தால் மீன் வாயைத் திறப்பதுபோல் நடுவில் ஒரு வெடிப்பு திறக்கிறது, விட்டால் மூடிக்கொள்கிறது. உள்ளே இருக்கும் கரி விரலில் பட்டால் சோப்புப் போட்டாலும் லேசில் போகாது. புதுக் குழாய் 18 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). இந்தக் குழாய் வெடித்ததற்குத்தான் போன மாதம் என்னிடம் 4,800 வெள்ளி கேட்டார்கள்.

என் கார் 2010இல் பதிவான 1.6 லிட்டர் டீசல் செடான். 2016இல் பழைய காராக வாங்கினேன். 2020இல் சிஓஇயை, அதாவது இங்கே கார் வைத்திருக்க வேண்டிய உரிமச் சான்றிதழை, இன்னும் பத்து வருஷத்துக்குப் புதுப்பித்தேன். அப்போது அதன் ஏல விலையான பிரீமியம் இந்த அளவுக்கு ஏறியிருக்கவில்லை. 2025இல் சிறிய கார்களுக்கே ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டியதைப் பார்த்தபோது, நான் செய்த ஒரே நல்ல முதலீடு இதுதான் என்று வீட்டில் பெருமையடித்துக்கொண்டேன். அந்தப் பெருமையைப் பிறகு உங்கள் பில் கவனித்துக்கொண்டது.

டீசல் ஏன் வாங்கினேன்? அப்போது ஈசூனிலிருந்து துவாஸுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு வழிக்கு 30 கிலோமீட்டருக்குக் குறையாது. பெரும்பாலும் விரைவுச்சாலை, லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கொடுத்தது. கார் சந்தோஷமாக இருந்தது, நானும் இருந்தேன். பிறகு வேலை ஆங் மோ கியோவுக்கு மாறியது. வீட்டுக்குப் பக்கம் என்று எல்லாரும் வாழ்த்தினார்கள். கார் மட்டும் வாழ்த்தவில்லை.

காரணம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நாம் டிபிஎஃப் என்று சொல்லும் வடிகட்டி புகையிலுள்ள கரியைப் பிடித்து வைத்துக்கொண்டு, கொஞ்சம் சேர்ந்ததும் 600 டிகிரி அளவுக்குச் சூடேறித் தானே எரித்துவிடும். அதற்கு வண்டி நிற்காமல் இருபது நிமிடமாவது ஓட வேண்டும். சிக்னலுக்குச் சிக்னல் நின்று ஏழு கிலோமீட்டர் போனால் எங்கே எரிப்பது? பாதியில் நின்றுபோகும் ஒவ்வொரு முறையும் எரியாத டீசல் கொஞ்சம் எஞ்சின் எண்ணெயில் இறங்கும். டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் எண்ணெய் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருக்கும். முதல் தடவை அதைப் பார்த்து, எண்ணெய் குடிக்காத கார் என்று மகிழ்ந்தவன் நான்.

கார்பார்க்கில் எஞ்சினை ஓடவிட்டு எரிக்கலாம் என்றால், நிறுத்தி வைத்த வண்டியில் எஞ்சினை ஓடவிடுவது இங்கே குற்றம். ஆகவே வாரத்துக்கு ஒரு ராத்திரி, பதினொரு மணிக்கு மேல், காரை எடுத்துக்கொண்டு துவாஸ் வரை போய்த் திரும்புகிறேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. "காருக்கு வாக்கிங் முடிஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டுதான் மனைவி கதவைத் திறப்பார்.

இவ்வளவும் செய்தும் போன மாதம் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. வண்டி அறுபதுக்கு மேல் ஏற மறுத்தது. பின்னால் வந்த லாரிகள் ஹார்ன் அடிக்க, இடது ஓரமாகவே ஊர்ந்து பட்டறைக்குப் போனேன். எந்தப் பட்டறை என்று இங்கே சொல்லப் போவதில்லை. முதலாளி ஸ்கேன் கருவியைச் செருகினார். நான் எட்டிப் பார்த்ததும் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"டிபிஎஃப் போச்சு. புதுசு போடணும். 4,800."

"எத்தனை கிராம் கரி இருக்குன்னு காட்டுதா?"

"கம்ப்யூட்டரே போச்சுன்னு சொல்லுது."

கம்ப்யூட்டர் அப்படிச் சொல்லாது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அது ஒரு குறியீட்டு எண்ணைத்தான் காட்டும். அந்த எண்ணுக்கு அர்த்தம் சொல்வது மனிதர். ஸ்கேனுக்கு 80 வெள்ளி கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். எண்ணை எழுதித் தரச் சொன்னேன், தரவில்லை.

இரண்டாவது பட்டறையில் ஒரு வயதான அங்கிள். அவர் கருவியைத் தொடுவதற்கு முன் டார்ச் லைட்டை வாயில் கவ்விக்கொண்டு, வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்தத்தை அளக்கும் சென்சாருக்குப் போகிற குழாய்களை விரலால் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் நிறுத்தி வளைத்தார். மீன் வாய் திறந்தது. குழாய் ஓட்டையானால் தப்பான அளவு போகும், வண்டி குழம்பிப்போய்க் கரியை எரிப்பதையே நிறுத்திவிடும், அவ்வளவுதான் என்றார். குழாயை மாற்றி, கருவி வழியாகவே கரியை எரிக்க வைத்தார். திரையை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுக் கோப்பி குடிக்கப் போய்விட்டார். 29 கிராம் இருந்த கரி அரை மணி நேரத்தில் 5 கிராமாக இறங்கியதை நானே உட்கார்ந்து பார்த்தேன். சாம்பல் எண் மட்டும் அசையவில்லை. கரி எரியும், சாம்பல் எரியாது. விறகு அடுப்பில் சமைத்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அந்தச் சாம்பல் நிறைந்தால்தான் வடிகட்டிக்கு உண்மையாகவே வயதாகிவிட்டது என்று அர்த்தம். என்னுடையது பாதிகூட நிறையவில்லை. மொத்தம் 210 வெள்ளி. கேட்காமலேயே பழைய குழாயைக் கையில் கொடுத்தார்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. 4,800 தப்பியது என்ற நிம்மதியைவிட வேறொன்று உறுத்தியது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், இதே விளக்குக்கு, இன்னொரு பட்டறையில் அந்த அழுத்த சென்சாரை மாற்ற 380 வெள்ளி கொடுத்தேன். பழையதைக் கேட்டதற்கு "குப்பையில போட்டாச்சு" என்றார்கள். சென்சார் உண்மையிலேயே கெட்டுப்போயிருந்ததா? மாற்றினார்களா, துடைத்து மாட்டினார்களா? அதற்கு முந்தைய வருஷம் மாற்றிய, புகையில் கொஞ்சத்தை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் இஜிஆர் வால்வு? ஒன்பது வருஷத்து பில்களை எடுத்துப் பரப்பி வைத்துப் பார்த்தேன். பாகத்தின் பெயரும் விலையும் இருக்கின்றன. ஏன் மாற்றினார்கள் என்பது ஒன்றில்கூட இல்லை.

எனவே என் கோரிக்கை இதுதான். கழற்றிய பாகத்தைக் கையில் கொடுங்கள். கருவி காட்டிய எண்களை எழுதித் தாருங்கள்: குறியீடு என்ன, கரி எத்தனை கிராம், சாம்பல் எத்தனை கிராம், கடைசியாக எரித்து எத்தனை கிலோமீட்டர் ஆனது. பில்லின் பின்பக்கத்தில் பேனாவால் கிறுக்கினாலும் போதும்.

எண்ணெயும் அப்படித்தான். "ஃபுல்லி சிந்தெடிக் போட்டிருக்கு" என்பது பதில் ஆகாது. இந்த வடிகட்டிக்குச் சாம்பல் குறைவாக விடும் எண்ணெய் வேண்டும், டப்பாவின் பின்னால் சி3 என்ற தரக்குறியோ தயாரிப்பாளர் சொன்ன எண்ணோ இருக்க வேண்டும். டப்பாவைக் காட்டுவதில் என்ன நஷ்டம்?

வடிகட்டியை உள்ளே குடைந்து எடுத்துவிடலாம், இன்ஸ்பெக்‌ஷன் சமயத்தில் "பார்த்துக்கலாம்" என்று ஆலோசனை சொன்ன புண்ணியவான்களும் உங்களில் உண்டு. பத்து வயது தாண்டிய வண்டி, வருஷா வருஷம் புகைச் சோதனைக்குப் போகிறது. என் பிள்ளை படிக்கும் பள்ளி வாசலில் நின்று நான் விடும் புகையை என் பிள்ளையே இழுக்க வேண்டுமா? அதையும் நீங்களே பார்த்துக்கொள்வீர்களா?

டீசல் கார் வைத்திருப்பவனுக்கு ஏற்கெனவே நாதியில்லை. 2017இல் லிட்டருக்கு 10 காசு வரி போட்டார்கள், 2019இல் அதை 20 காசாக்கினார்கள். பதிலுக்கு ஆண்டுச் சிறப்பு வரியில் ஒவ்வொரு முறையும் நூறு வெள்ளி குறைத்தார்கள். அந்த நூறில் எண்பதை உங்கள் ஒரு ஸ்கேன் தின்றுவிட்டது. வண்டிக்குப் பதினான்கு வயது தாண்டியதால் சாலை வரிக்கு மேல் பாதி கூடுதல். 2025 ஜனவரி முதல் புதிய டீசல் காரைப் பதிவு செய்யவே முடியாது. ஆக, நாங்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே போகிற கூட்டம். சரி, இதெல்லாம் உங்களிடம் கொட்ட வேண்டிய விஷயம் இல்லை. மன்னிக்கவும்.

வாடகை ஏறுகிறது, ஆள் கிடைக்கவில்லை, நல்ல கருவி விலை அதிகம் என்பதெல்லாம் எனக்கும் தெரியும். வேலை செய்ததற்குக் கூலி கேளுங்கள், பேரம் பேசாமல் தருகிறேன். அந்த அங்கிள் 210க்குப் பதில் 400 கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். திரை என் பக்கம் திரும்பியிருந்ததே.

அடுத்த மாதம் சர்வீஸுக்கு வண்டியை விட வேண்டும். அந்த அங்கிள் கடையை மூடிவிட்டு ஓய்வெடுக்கப் போகிறாராம், ஆகவே உங்களில் ஒருவரிடம்தான் வருவேன். வரும்போது ஒரு பிளாஸ்டிக் பை கொண்டுவருகிறேன். கழற்றியதை, எண்ணெய் வழிந்தாலும் பரவாயில்லை, அதில் போட்டுத் தாருங்கள்.

இப்படிக்கு,
ஈசூனில் பழைய டீசல் கார் ஓட்டும் ஒருவன்