சுப்பர் குளூ காயத்துக்கு மருந்தல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

கவ்வாத்துக் கத்தி பட்ட காயத்தில் கோப்பித்தூளை அப்பிய காலம் போய், கடையில் வாங்கிய சுப்பர் குளூவைச் சொட்டவிடுகிறவர்களும் தோட்டங்களில் இருக்கிறார்கள். "ஆஸ்பத்திரியிலும் பசைதானே போடுறாங்க" என்பது அவர்களின் பதில். அதில் பாதிதான் உண்மை.

இரண்டும் சயனோஅக்ரிலேட் என்ற பசைக் குடும்பந்தான். கடைப் பசையில் இருப்பது பெரும்பாலும் எத்தில் வகை. அது இறுகும்போது சூடாகும். சீக்கிரம் சிதைந்து போர்மல்டிஹைட்டை வெளிவிட்டுச் சதையை அரிக்கும். பஞ்சிலோ பருத்தித் துணியிலோ ஊறினால் நொடியில் புகைந்து கொதிக்கும். காயத்தில் பஞ்சை வைத்து அதன்மேல் பசையை ஊற்றினால் தோல் வெந்துவிடும். ஆஸ்பத்திரியில் பயன்படுவது பியூட்டைல், ஒக்டைல் வகைகள். இவை மெதுவாகச் சிதைவதால் திசுவுக்குப் பாதிப்புக் குறைவு, கிருமிநீக்கியே வருகின்றன. ஒக்டைல் பசையைத் தோல் காயங்களுக்குப் பயன்படுத்த அமெரிக்கா 1998இல் அனுமதித்தது.

அந்தப் பசையையும் காயத்துக்குள் ஊற்றுவதில்லை. லயத்துப் படியில் விழுந்து நெற்றி பிளந்த பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் முதலில் காயத்தை நன்றாகக் கழுவி, அழுத்திப் பிடித்து இரத்தத்தை நிறுத்த வேண்டும். ஈரம் ஒற்றி எடுத்து, இரு ஓரங்களையும் விரலால் சேர்த்துப் பிடித்து, மேல்தோலில் மட்டும் மெல்லியதாகத் தடவ வேண்டும். அரை நிமிடம் காயவிட்டு அடுத்த பூச்சு, இப்படி மூன்று. கடைசிப் பூச்சுக்குப் பிறகும் ஒரு நிமிடம் பிடித்த கையை எடுக்கக்கூடாது. ஒரு துளி உள்ளே இறங்கினாலும் ஓரங்கள் ஒன்றுசேராது, வடு அகலமாகும். புருவத்தின் மேல் வஸலின் பூசி, தலையைப் பின்னால் சாய்த்துப் படுக்க வைத்தால் பசை கண்ணுக்கு வழியாது. ஆனால் ஒட்டிய இடத்தில் வஸலினோ களிம்போ படவே கூடாது, பசை இளகிவிடும். 5 முதல் 10 நாளில் தானாக உரியும். பிள்ளை பிய்க்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கொழுந்து பறிக்கும் விரலுக்கு இது சரிவராது. நாள் முழுக்க நனைந்து மடங்கும் மூட்டில் பசை நிற்காது. உள்ளங்கை, முழங்கால், வாயின் உட்புறம், சேறு ஏறிய காயம், ஆழமான வெட்டு எதற்கும் பசை வேண்டாம். நாய்க்கடியை ஒட்டி மூடுவது ஆபத்து. சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் விசர்நாய்க்கடி ஊசியைப் பற்றிக் கேளுங்கள். அட்டைக் கடியிலும் பசை நிற்காது. அட்டையின் எச்சில் இரத்தத்தை உறையவிடாது. அது கசிந்துகொண்டே இருக்கும்.

அறுவைச் சிகிச்சையில் ஈரல் போன்ற உறுப்புகளின் கசிவை நிறுத்தப் பயன்படும் ஃபைப்ரின் பசை வேறு சாதி. இரத்தத்திலுள்ள ஃபைப்ரினோஜனும் திரோம்பினும் கலந்து இரத்தக் கட்டியைப் போலவே உறைவது அது.

வீட்டிலோ மலையிலோ வெட்டுப்பட்டால் சுத்தமான துணியை மடித்து வைத்து, 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். இடையில் தூக்கிப் பார்த்தால் உறைந்துவரும் கட்டி பிய்ந்து மறுபடியும் பெருகும். அப்படியும் நிற்காவிட்டால் அழுத்தியபடியே 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். ஏற்கனவே பசை போட்டிருந்தால் பிய்க்காமல் அப்படியே வாருங்கள். கண்ணிமை ஒட்டிக்கொண்டாலும் இழுக்கவோ அசிட்டோன் தடவவோ வேண்டாம். கடைசியாக ஏற்பு ஊசி போட்டது எப்போது என்பதையும் வந்ததும் சொல்லுங்கள்.

தாதி உத்தியோகத்தர்கள் இருவர்,
நுவரெலியா மாவட்டம்