படம் அச்சேறுற எடத்துல இருந்து ஆரம்பி, கண்ணு

திருப்பூர்,
ஞாயித்துக்கிழமை

கண்ணு,

நீ அனுப்புன ரெண்டு ரஃபும் பார்த்தேன், கன்னுக்குட்டிப் புத்தகம் ஒண்ணு, டி-ஷர்ட் காளை ஒண்ணு. கோடு நல்லா ஓடியிருக்குது. ஆனா எதுல, எப்படி அச்சாகப் போகுதுன்னு கேட்டதுக்கு, "அதெல்லாம் அவங்க பாத்துக்குவாங்கப்பா"ன்னு எழுதியிருக்கற. அவங்க பாத்துக்க மாட்டாங்க. அதுக்குத்தான் இந்த நீளக் கடுதாசி.

மொதல்ல காளை. கறுப்புத் துணி, ஆறு ஸ்கிரீனுக்கு (மை எறக்கற வலைச் சட்டம், கலருக்கு ஒண்ணு) மேல போகக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. நீ சாம்பல் ரெண்டு, செம்மண், மஞ்சள், வெள்ளை, கறுப்புன்னு எண்ணி ஆறுன்னு கணக்குப் போட்டிருக்கற. பிரிண்டிங் யூனிட்ல அது ஏழு. கறுப்புத் துணி மேல எந்தக் கலரும் நேரா அடிச்சா மங்கிப் போகும். அடியில வெள்ளை பேஸ் ஒண்ணு அடிச்சு, சூடு காட்டிக் காய வெச்சு, அதுமேலதான் மத்த கலர். பேஸுக்கே ஒரு ஸ்கிரீன் போயிரும். ஆனா கறுப்புக்கு ஸ்கிரீன் எதுக்கு? கறுப்பு வேண்டிய எடத்துல பேஸை வெட்டி விட்டுட்டா துணியே கறுப்பாத் தெரியும். இப்ப எண்ணிப் பாரு, ஆறு சரியா வருது.

அடுத்தது மூக்கணாங்கயித்துப் புரி, வால் முடி. அரை மில்லி கோடா இழுத்திருக்கற. பேஸ் வெள்ளையைக் கலரோட ஓரத்துல இருந்து கால் மில்லியாவது உள்ள இழுத்துத்தான் பிலிம் (ஸ்கிரீன்ல படத்தை ஏத்தறதுக்கு) எடுப்பாங்க. இல்லாட்டி ஸ்கிரீன் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் காளையைச் சுத்தி வெள்ளைக் கோடு எட்டிப் பார்க்கும். ரெண்டு பக்கமும் கால் கால் மில்லி போனா உன் அரை மில்லி கோட்டுக்கு அடியில பேஸே இருக்காது. கயிறு துணிக்குள்ள காணாமப் போயிரும். ஒன்றரை மில்லிக்குக் கொறையாம வரை.

திமிலுக்கு ஏர்பிரஷ் போட்டு கருக்கல்ல இருந்து சாம்பலுக்கு இழைச்சிருக்கற. திரையில நெம்ப அழகுதான். துணியில அது புள்ளி புள்ளியா மாறித்தான் விழும். அங்குலத்துக்கு 45 வரிசைப் புள்ளின்னா, சென்டிமீட்டருக்கு 90 இழை ஓடற வலையாவது (90டி மெஷ்) வேணும். 5 சதவீதத்துக்குக் கீழ இருக்கற புள்ளி ஸ்கிரீன் கழுவறப்பவே நிக்காமப் போயிரும், அடர்த்தியான பக்கம் புள்ளிகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி மொத்தையாயிரும். பின்னலாடைத் துணி மையை எச்சா இழுக்கும், அதனால நடுச் சாயல் எப்பவும் நீ நினைச்சதை விட இருண்டுதான் வரும். இழைக்கறதை விட்டுட்டு, ரெண்டு சாம்பலையும் காஞ்ச பிரஷ் தீத்தலா, ஓரம் வெட்டுனாப்பல போடு. ஒவ்வொரு கலரும் தனி லேயர். கலர் நம்பரை பேண்டோன் புத்தகத்தை (நம்பர் போட்ட அச்சுக் கலர் மாதிரி) பார்த்து எழுது, திரையைப் பார்த்து எழுதாத. துணிக் கலருக்கு டி.சி.எக்ஸ்னு முடியற நம்பர், அச்சு மைக்கு சி-ன்னு முடியற நம்பர், ரெண்டையும் கலக்காத.

இனிப் புத்தகம். கன்னுக்குட்டி சாம்பலா நிக்குது. காங்கேயம் கன்னு பொறக்கும்போது செவலையாத்தான் இருக்கும், சாம்பலுக்குத் திரும்ப ஆறு மாசம் போல ஆகும். கதையில அது பொறந்து பத்து நாள். அந்த மேய்ச்சக்காட்டுக்கு மரச்சட்டம் அடிச்ச வேலி வேற போட்டிருக்கற. நெட்டுல தேடுனா சீமைப் பண்ணைதான் வரும், வேறென்ன வரும்? கொரங்காடுன்னா கிளுவை வேலி, அங்கங்க வெள்வேல மரம், தரையில கொழுக்கட்டைப் புல்லு. ஊருக்கு வரும்போது காங்கேயம் பக்கம் ஒரு நாள் உக்காந்து ஸ்கெட்ச் புக்கை ரொப்பு. போட்டோ பத்தாது. கன்னு எந்திரிக்கும்போது பின்னங்காலைத்தான் மொதல்ல தூக்கும்னு, பக்கத்துல உக்காந்து வரைஞ்சாத்தான் கைக்கு ஏறும்.

24 பக்கம்னா எதிரெதிர் பக்கமா 12 ஜோடின்னு நினைச்சுப் பிரிச்சிருக்கற. 1-ம் 24-ம் தனித்தனியா நிக்கும், நடுவுல 11 ஜோடிதான். 2-ம் பக்கம் பதிப்பு விவரத்துக்குப் போயிரும். பின் அடிக்கற புத்தகத்துல 12-13 மட்டும்தான் ஒரே தாளா விரியும், காளை மந்தை வர்ற பெரிய படத்தை அங்க வை. மத்த ஜோடிகள்ல மூஞ்சியோ கையோ நடு மடிப்புல விழக்கூடாது. 8 அங்குலச் சதுரம், 300 டிபிஐ, நாலு பக்கமும் வெட்டுல போற 3 மில்லி ஓரம் சேர்த்தா ஒரு ஜோடிக்கு 4871 × 2471 பிக்சல் வரும். சின்னதா வரைஞ்சு பொறவு பெருசாக்காத. கிளிப்பச்சையும் அந்த மின்னற ஆரஞ்சும் நாலு கலர் அச்சுல செத்துப் போயிரும், இப்பவே சி.எம்.ஒய்.கே முன்னோட்டத்துல பார்த்துக்க.

டீக்கடைப் பலகையில "டீ, பன்" எழுதியிருக்கறயே, அதை எடுத்துரு. புத்தகம் நாலு மொழியில வருதுன்னு சொன்ன. அந்த மாதிரி சோலியில கறுப்புப் பிளேட்டை மட்டும் மாத்தித்தான் மொழி மாத்துவாங்க. படத்துக்குள்ள எழுத்து இருந்தா ஒவ்வொரு மொழிக்கும் நீ உக்காந்து மறுபடி வரையணும், அதுக்குக் காசும் வராது.

எல்லா ஜோடியையும் ஒரே தாள்ல தீப்பெட்டி அளவுல, வெறும் கறுப்பு-வெள்ளை-சாம்பல்ல முதல்ல போட்டுப் பாரு. அந்த அளவுல கன்னு எங்க நிக்குதுன்னு தெரியாட்டி பெருசாக்குனாலும் தெரியாது. திருத்தமெல்லாம் பென்சில்லயே முடியணும்: பென்சிலுக்கு ரெண்டு தடவை, கலருக்கு ஒரு தடவை, அதுக்கு மேல ஒவ்வொண்ணுக்கும் தனிக் காசு. இதை வேலை தொடங்கறதுக்கு முந்தி மெயில்ல எழுதி அவங்ககிட்ட "சரி"ன்னு வாங்கிக்க.

காசு விஷயம். மாசம் 45,000 வேணும்னா அதை 30 நாளால வகுக்காத. மெயில், பில், ஆள் தேடறது, திருத்தம் போக நீ உருப்படியா வரையற நாள் பன்னெண்டுதான் தேறும்னு வெச்சுக்க. அப்ப ஒரு நாளுக்கு 3,750. ஒரு ஜோடிக்கு ரெண்டு நாள்னா 7,500-க்குக் கீழ எறங்காத. முன்பணம் 40 சதவீதம், பென்சில் ஒப்புக்கிட்டதும் 30, ஃபைல் குடுக்கும்போது 30. உத்யம் பதிவுக்கு (அரசாங்கத்தோட சிறுதொழில் பதிவு) காசு இல்லை, செஞ்சுரு. பதிவு இருந்தா சட்டப்படி 45 நாளுக்கு மேல இழுக்க முடியாது, இழுத்தா வட்டி கேக்கலாம். கேக்கறதுக்கு முந்தி அந்தப் பதிவு நம்பரை பில்லுலயே போட்டு அனுப்பு, பாதிச் சோலி அதுலயே முடியும்.

உரிமை விஷயத்துல இன்னும் அசால்ட்டா இருக்கற. 1957 காப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்துல, காசு குடுத்து ஓவியம் வரையச் சொன்னா, வேற ஒப்பந்தம் இல்லாட்டி வரையச் சொன்னவர்தான் மொதல் உரிமைக்காரர். அதனால "உரிமை எனக்கே, இன்ன பயனுக்கு இத்தனை வருசம் அனுமதி"ன்னு ஒரு வரி ஒப்பந்தத்துல இருக்கணும். உரிமையை எழுதிக் குடுக்கறதா இருந்தாலும் காலம் போடு. காலம் போடாட்டி 5 வருசம், எடம் போடாட்டி இந்தியா மட்டும்னு சட்டம் எடுத்துக்கும். டி-ஷர்ட்டு சமாச்சாரம் வேற. டிசைன் சட்டத்துல பதிவு பண்ணக்கூடிய டிசைனைப் பதியாம விட்டு, உன் அனுமதியோட 50 பீசுக்கு மேல அடிச்சுட்டா அந்த டிசைன் மேல காப்புரிமை போயிரும். இங்க ஒரு ஆர்டரே ஆயிரக்கணக்குல. அதனால துணி வேலைக்கு "பொறவு ராயல்டி தர்றோம்"ன்னா நம்பாத, மொத்தத் தொகையா வாங்கிக்க.

காளையோட லேயர் ஃபைலை பிலிம் எடுக்கறதுக்கு முந்தி எனக்கு அனுப்பு, பேஸ் எங்க வெட்டணும்னு குறிச்சுத் தர்றேன். கன்னுக்குட்டிக் கலரை இன்னைக்கே மாத்திரு, வியாழக்கிழமை பென்சில் அப்ரூவல்னு சொன்னியே.

அப்பா