பின்வாசலில் கட்டிய கயிறு

என் வீட்டுக்காரர் வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்து சேர்ந்துவிட்டார். தடி பிடித்து நடக்கிறார், ரசம் சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார், ராத்திரி தூங்குகிறார். இதை எழுதும்போதே கை நடுங்குகிறது. என்ன நடந்தது என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும், அதைத் திரும்பச் சொல்லும் தெம்பு எனக்கு இன்னும் வரவில்லை. நன்றியை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன், தள்ளிப்போட்டால் தள்ளிக்கொண்டே போகும்.

மினியாபொலிஸிலிருந்து இரண்டு மணி நேரம் பனியில் வண்டி ஓட்டி வந்து சாம்பார், கூட்டு, புளிக்காய்ச்சல் என்று ஃப்ரீசரை நிரப்பிவிட்டுப் போன தோழிகள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டி வந்தவர்கள், இன்சூரன்ஸ்காரர்களோடு மணிக்கணக்கில் ஃபோனில் மல்லுக்கட்டிய தம்பி, ஊரில் அவர் பெயருக்கு அர்ச்சனை செய்த அத்தைமார், நாற்காலியிலேயே தூங்கிப்போன என்மேல் போர்வை போர்த்திவிட்ட நர்ஸ், பணம் அனுப்பிவிட்டுப் பெயரைச் சொல்லாதவர்கள், எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசுவேன், கொஞ்சம் நாள் கொடுங்கள்.

ஆனால் ஒருவரைப் பற்றி எல்லோர் முன்னாலும் சொல்லியாக வேண்டும். அவருக்குத் தமிழ் தெரியாது, இதைப் படிக்கப்போவதும் இல்லை.

நாங்கள் இருப்பது அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்து வில்மர் ஊருக்கு வெளியே. அடுத்த வீடு என்பது அரை மைல் தள்ளி, ஒரு ஸ்வீடன் வம்சாவளிக் குடும்பத்தின் பண்ணை. அந்தப் பெரியவருக்கு எழுபத்தெட்டு வயது. நான்கு வருஷமாக வண்டியில் எதிரே வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்குவார், நாங்களும் கையைத் தூக்குவோம். பழக்கம் அவ்வளவுதான்.

ஜனவரியில் அந்தப் பெரிய புயல் வரப்போகிறது என்று எச்சரிக்கை வந்த அன்று, பிள்ளைகளோடு ஒரு ராத்திரியாவது இருக்கலாம் என்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தேன். மத்தியானம் மூன்று மணிக்குக் கதவைத் தட்டினார். தோளில் ஒரு பெரிய சுருள் மஞ்சள் நைலான் கயிறு. "விறகு எங்கே வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். பின்வாசலிலிருந்து நாற்பது காலடித் தூரத்தில் இருக்கிற கொட்டகையைக் காட்டினேன். வேறு எதுவும் கேட்கவில்லை. கயிற்றின் ஒரு முனையைப் பின்வாசல் தூணில் கட்டினார், முழங்கால் அளவு பனியில் கொட்டகை வரைக்கும் நடந்துபோய் மறுமுனையை அங்கே கதவில் இருந்த இரும்பு வளையத்தில் கட்டினார். உறை போட்ட கையில் முடிச்சு இறுகவில்லை போல, உறையைக் கழற்றிப் பல்லில் கவ்விக்கொண்டு வெறும் விரலால் இழுத்து இறுக்கினார். விரலெல்லாம் சிவந்துபோனது. நடுக்கயிற்றை ஒரு தடவை சுண்டிப் பார்த்தார். அப்புறம் என் பெரியவளைக் கூப்பிட்டு, "வெளியே போனால் ஒரு கை கயிற்றிலேயே இருக்க வேண்டும், எடுக்கவே கூடாது" என்று இரண்டு தடவை சொன்னார்.

உள்ளே வரமாட்டேன் என்றவரைக் கட்டாயப்படுத்தி உட்காரவைத்துக் காபி கொடுத்தேன். அவர் பாட்டி காபித்தூளில் முட்டையை உடைத்துக் கலந்து காய்ச்சுவாளாம், இந்தப் பக்கத்து ஸ்வீடன் வீடுகளில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. அந்தப் பேச்சிலிருந்துதான் கொள்ளுத்தாத்தா கதைக்கு வந்தார்.

1867இல் ஸ்வீடனில் குளிர் விளைச்சலைக் கெடுத்தது, அடுத்த வருஷம் வறட்சி. மரப்பட்டையை இடித்து மாவில் கலந்து ரொட்டி சுட்டுத் தின்ற காலம். கொள்ளுத்தாத்தாவுக்கு ஸ்மோலாந்து, வயலில் பயிரைவிடக் கல் அதிகம் இருக்கிற சீமை. 1868இல் மனைவியோடு கப்பல் ஏறினார். இங்கே அரசு நிலத்தைக் குடியேறுகிறவர்களுக்குக் கொடுக்க 1862இல் வந்த ஹோம்ஸ்டெட் சட்டப்படி 160 ஏக்கர் கிடைக்கும், கட்டணம் எல்லாம் சேர்த்து 18 டாலர், ஆனால் அந்த நிலத்திலேயே ஐந்து வருஷம் குடியிருந்து உழுது காட்டினால்தான் பட்டா. அந்த நிலம் அதற்கு முன் இந்த மண்ணின் பூர்வகுடிகளான டகோட்டா மக்களுடையது, 1862இல் அமெரிக்க அரசோடு நடந்த போருக்குப் பிறகு அவர்களை விரட்டிவிட்டார்கள் என்பதையும் அவரேதான் சொன்னார், மறைக்கவில்லை.

மண் மேட்டைக் குடைந்து, முன்பக்கம் மட்டும் பலகை அடித்த ஒரே அறையில் இருந்திருக்கிறார்கள். 1873 ஜனவரி 7ஆம் தேதி காலை இதமாக இருந்ததாம். கொள்ளுத்தாத்தா மாவு வாங்க வில்மருக்குப் போய்விட்டார். மத்தியானம் பிடித்த பனிப்புயல் மூன்று நாள் விடவில்லை. மினசோட்டாவில் அந்தப் புயலில் 70 பேர் செத்துப்போனார்கள். தொழுவத்துக்குப் போய்விட்டு வீட்டுக்குத் திரும்பும் வழி தெரியாமல் விறைத்துப்போனவர்கள் இந்தச் சமவெளியில் எத்தனையோ பேர். கொள்ளுப்பாட்டி மாட்டுக் கயிற்றையும் துணிக்கொடியையும் ஒன்றாக முடிந்து வாசலிலிருந்து தொழுவம் வரை கட்டி, அதைப் பிடித்துக்கொண்டே போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டியிருக்கிறாள். நான்காம் நாள்தான் புருஷன் வந்தார்.

"இரண்டு சின்னப் பிள்ளைகளோடு தனியாக இருந்தாள்," என்றார் பெரியவர். கொஞ்ச நேரம் என் பிள்ளைகளைப் பார்த்தார். "நீங்களும்தான்." எழுந்து போய்விட்டார்.

ராத்திரி ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. விறகுக்காக இரண்டு தடவை வெளியே போனேன். நீட்டிய கை தெரியவில்லை. கயிற்றில் பனி உறைந்து கையுறை வழுக்கியது, காற்றில் அது உறுமுகிற சத்தம் கைவழியே தோள் வரைக்கும் வந்தது. பாதி வழியில் திரும்பிப் பார்த்தேன், ஜன்னலில் பிள்ளைகள் வைத்த விளக்கு இல்லை, வீடே இல்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்று வாய்விட்டு அழுதேன். பிள்ளைகளுக்குக் கேட்காது என்று தெரியும். வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் படுத்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் அழுதேன். அழுதுவிட்டு விறகை எடுத்துக்கொண்டு, அதே கயிற்றைப் பிடித்து வீட்டுக்குள் வந்தேன்.

புயல் நின்ற பிறகு பெரியவருக்கு நன்றி சொல்லப் போனேன், "தாக் ஸோ மிக்கெ" என்று ஸ்வீடிஷில் கற்றுக்கொண்டு போய்ச் சொன்னேன். "வார்ஸோகூட்" என்று பதில் சொல்லிவிட்டுக் கன்றுக்குட்டியைப் பார்க்கப் போய்விட்டார். அவரைப் பொறுத்தவரை அது ஒரு உதவியே இல்லை. அவர் சொல்லித்தான் ஆண்ட்ரூ பீட்டர்சனைப் பற்றிப் படித்தேன். கார்வர் கவுண்டியில் குடியேறிய ஸ்வீடன் விவசாயி, 1850இல் ஊரைவிட்டுக் கிளம்பியதிலிருந்து 1898இல் சாகும்வரை நாட்குறிப்பு எழுதினவர். இன்று என்ன வேலை, யார் வந்து கை கொடுத்தார்கள், நான் யாருக்குப் போய் வேலை செய்தேன், எல்லாம் ஒன்றிரண்டு வரிதான். புகழ்ச்சி கிடையாது, கண்ணீர் கிடையாது. ஆனால் எழுதி வைத்தார். நானும் அதற்காகத்தான் எழுதுகிறேன்: ஜனவரியில் ஒரு மத்தியானம், பக்கத்துப் பண்ணைக்காரர் வந்து கயிறு கட்டிக் கொடுத்தார்.

இனி எங்கள் சாலையில் யார் வீட்டிலாவது ஒருத்தி தனியாக இருக்கிறாள் என்று தெரிந்தால், புயலுக்கு முன்னால் நான் போய் நிற்பேன். பெரியவள் அந்த முடிச்சைப் போடக் கற்றுக்கொண்டுவிட்டாள், கட்டில் காலில் கட்டிக் கட்டிப் பழகுகிறாள்.

கயிறு இன்னும் பின்வாசலில்தான் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வரைக்கும் அவிழ்க்காதீர்கள், இந்த ஊர்ப் பனியை நம்ப முடியாது, நானே வந்து அவிழ்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். அன்றைக்குக் காலைப் பலகாரம் எங்கள் வீட்டில்தான். வீட்டுக்காரர் இப்போதே இட்லிக்குப் போடச் சொல்கிறார்.