நீல் துரையும் ஹௌரா ரயிலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இதழில் ஜெனரல் நீல் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மவுண்ட் ரோட்டில் நின்ற அவர் சிலையின் கதையைக் கட்டுரையாளர் சுவையாகத்தான் சொல்லியிருந்தார். ஆனால் இரண்டு இடங்கள் நெருடின. அதில் ஒன்று ரயில் சம்பந்தப்பட்டது. முப்பத்து நான்கு வருஷம் ரயில்வேயில் இருந்து, ஸ்டேஷன் மாஸ்டராக ஓய்வு பெற்றவன் நான். அதை அப்படியே விட்டுவிட மனசு வரவில்லை.

1857 மே மாதக் கடைசி, வடக்கே சிப்பாய்க் கலகம் வெடித்திருந்த நேரம். மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ் படையோடு கப்பலில் கல்கத்தா போய்ச் சேர்ந்திருக்கிறார் நீல். (பெயரில் மெட்ராஸ் இருந்தாலும் அது வெள்ளைக்காரர்கள் மட்டுமே இருந்த கம்பெனிப் படை; நம் ஊர் சிப்பாய்கள் அதில் கிடையாது.) ஹௌராவில் ரயிலேறி ராணிகஞ்ச் போக வேண்டும். அன்றைக்குத் தண்டவாளம் அதுவரைதான், அதற்கு மேல் மாட்டுவண்டியும் குதிரைவண்டியும். ஹூக்ளி ஆற்றைக் கடந்து ஆட்களை ஏற்றிவர வேண்டிய படகுகள் தாமதமாகிவிட்டன. நேரமாகிவிட்டது, வண்டியை நிறுத்திவைக்க முடியாது என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். நீல் என்ன செய்தார்? ரயில்வே ஆட்களைக் காவலில் வைத்துவிட்டு, தன் ஆட்கள் வந்து ஏறிய பிறகுதான் வண்டியைப் போகவிட்டார். தாமதம் என்னவோ பத்து நிமிடம்தான். அவர் 'தயங்காத செயல்வீரர்' என்பதற்கு உங்கள் கட்டுரையாளர் காட்டும் முதல் சான்று இது.

காட்பாடி – விழுப்புரம் பாதையில் ஒரு சின்ன ஸ்டேஷனில் நான் இருந்தபோது, பெரிய அதிகாரி ஒருவரின் உதவியாளர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "ஐயா குளிச்சிட்டிருக்காரு, பாசஞ்சரைக் கொஞ்சம் பிடிச்சு வையுங்க" என்றார். அது ஒற்றை லைன். இங்கே நான் ஒரு வண்டியைப் பிடித்தால், அடுத்த ஸ்டேஷனில் கிராஸிங்குக்குக் காத்திருக்கும் எதிர்வண்டியும் பிடிபடும். பாதை காலி என்று அடுத்த ஸ்டேஷனிலிருந்து லைன் கிளியர் வந்தாயிற்று, வண்டி புறப்பட அனுமதியான டோக்கனும் டிரைவர் கைக்குப் போயாயிற்று. பச்சைக்கொடியைக் காட்டிவிட்டேன். பத்து நாளில் எனக்கு மெமோ வந்தது. அதற்குப் பதில் எழுதிய கார்பன் நகல் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. ஹௌராவில் காவலில் நின்ற அந்த மனுஷன் பக்கம் என் மனசு சாய்வதற்கு இதுதான் காரணம் என்று நீங்கள் நினைத்தால், மறுக்கமாட்டேன்.

சரி, அது போர்க்காலம். கேட்டிருந்தால் நானும் பத்து நிமிடம் கொடுத்திருப்பேன். என் பேச்சு அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றியது அல்ல. எதிரே நிற்பவன் தன் வேலையைச் செய்கிறவனா, கலகக்காரனா என்று பார்க்கப் பொறுமை இல்லாத ஆள் அவர். அது அடுத்த இரண்டு வாரத்தில் ஊர் ஊராகத் தெரிந்தது.

இரண்டாவது நெருடலுக்கு வருகிறேன். கான்பூரில் பீபிகர் என்ற வீட்டில் அடைத்துவைக்கப்பட்டிருந்த வெள்ளைக்காரப் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டதைப் பார்த்த ஆத்திரத்தில்தான் நீல் கொடுமைக்காரர் ஆனார் என்கிறது கட்டுரை. எங்கள் தொழிலில் தகராறு வந்தால் முதலில் டிரெயின் ரெஜிஸ்டரைத் திறப்போம். எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது போனது என்பது அதில் இருக்கும். இதையும் அப்படிப் பார்ப்போம்.

நீல் காசிக்கு வந்தது ஜூன் 3. மறுநாள் அங்கே சிப்பாய்களின் ஆயுதங்களைப் பறிக்கப் போய்க் குளறுபடியாகி, விசுவாசமாக இருந்த சீக்கியர்கள் மீதும் குண்டு பாய்ந்தது. அப்புறம் தூக்குமரங்கள். ஜூன் 11 அலகாபாத் கோட்டை. அங்கிருந்து சுற்று வட்டாரக் கிராமங்கள் எரிந்தன, விசாரணை என்று சொல்லத்தக்க எதுவும் இல்லாமல் ஆட்கள் தொங்கவிடப்பட்டார்கள். கான்பூரில் சரணடைந்து படகேறப் போன வெள்ளைக்காரர்கள் கொல்லப்பட்ட படகுத்துறைக் கொலைகள் நடந்தது ஜூன் 27. பீபிகர் ஜூலை 15. நீல் கான்பூருக்குள் வந்ததோ ஜூலை 20. ஜூனில் செய்ததற்கு ஜூலையில் பட்ட ஆத்திரம் எப்படிக் காரணமாகும்? பின்னால் வந்த வண்டி, முன்னால் போய்விட்ட வண்டியைத் தள்ளுமா?

பீபிகரில் நடந்தது பாதகம்தான். அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அதற்கு நீல் ஜூலை 25 அன்று போட்ட உத்தரவையும் கட்டுரை சொல்லியிருக்க வேண்டும். தண்டனை பெற்றவர்கள் தூக்குக்குப் போகும் முன் அந்த வீட்டு ரத்தக்கறையைத் துடைக்க வேண்டும், மறுத்தால் சாட்டையடி. ஒருவரை நாக்கால் நக்க வைத்ததைத் தன் கடிதத்தில் அவரே எழுதியிருக்கிறார். சாதியையும் மதத்தையும் குறிவைத்து யோசித்துச் செய்த வேலை அது. ஆத்திரத்தில் கண் தெரியாமல் செய்ததாக எனக்குப் படவில்லை.

அவருடைய சர்வீஸைப் பார்த்தாலும் விசித்திரம்தான். 1810இல் ஸ்காட்லாந்தில் பிறந்து, 1827இல் மெட்ராஸ் ராணுவத்தில் சேர்ந்தவர். தன் ரெஜிமென்டின் வரலாற்றைப் புத்தகமாக எழுதினார். இரண்டாம் பர்மா யுத்தம், பிறகு கிரிமியா யுத்தத்தின்போது துருக்கிப் படையில் வேலை. முப்பது வருஷத்தில் இவ்வளவுதான். பெயர் வாங்கியதெல்லாம் கடைசி நான்கு மாதத்தில். ஹௌராவில் லெப்டினன்ட் கர்னலாக இருந்தவர், பிரிகேடியர் ஜெனரலாக வாழ்ந்தது சில வாரங்களே. அதற்குள் மேலதிகாரி ஹேவ்லக்குக்கு, முற்றுகையில் சிக்கிய வெள்ளைக்காரர்களை மீட்க லக்னோவுக்குப் போகாமல் ஏன் திரும்பி வந்தீர்கள் என்று அதட்டி ஒரு கடிதம். கைது செய்யாமல் விடுகிறேன், அவ்வளவுதான் என்கிற தோரணையில் ஹேவ்லக் பதில் போட்டார். செப்டம்பர் 25 அன்று லக்னோ வீதியில் நீல் சுட்டுக்கொல்லப்பட்டார்.

1861இல் மெட்ராஸில் சிலை. வங்காளத்தில் கலக வெள்ளத்தை முதலில் தடுத்தவர் என்று பீடத்தில் புகழுரை. அறுபத்தாறு வருஷம் கழித்து, 1927இல், அந்தச் சிலையை அகற்றச் சொல்லி நம் ஆட்கள் சத்தியாகிரகம் செய்து ஜெயிலுக்குப் போனார்கள். 'வடநாட்டு விவகாரத்துக்காகச் சில இளைஞர்கள்' என்று ஒரே வரியில் கடந்துவிட்டார் கட்டுரையாளர். வடநாட்டு விவகாரமா? நீலை அனுப்பியது மெட்ராஸ், சிலை வைத்துக் கொண்டாடியதும் மெட்ராஸ். இளைஞர்கள் மட்டும்தானா? கடலூர் அஞ்சலையம்மாள் தன் மகள் அம்மாக்கண்ணுவையும் கூட்டிக்கொண்டு ஜெயிலுக்குப் போனார். அந்தச் சிறுமியைத்தான் காந்தி பின்னால் வார்தாவுக்கு அழைத்துப்போய் லீலாவதி என்று பெயர் வைத்தார். 1937இல் ராஜாஜி ஆட்சி வந்த பிறகுதான் சிலை மவுண்ட் ரோட்டை விட்டு நகர்ந்தது.

அடுத்த முறை அந்தச் சிலையின் படத்தைப் போடும்போது அஞ்சலையம்மாள் படத்தையும் பக்கத்தில் போடுங்கள். ஜூன், ஜூலை தேதிகளை ஒரு சின்னக் கட்டத்தில் கொடுத்தாலும் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர்,
விழுப்புரம்