செங்கோட்டையிலிருந்து திருத்தணிக்கு

செங்கோட்டை,
25.12.2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. சபரிமலை சீசன் உட்காரவிடவில்லை. புளியரை ரோட்டில் ராத்திரி பகல் பாராமல் வண்டி. அச்சன்கோவில் ஐயப்பனின் ஆபரணப் பெட்டியும் வந்து போயிற்று. கடைக்கு முன்னால் நிற்கிற வேன்களுக்கு ‘சுவாமியே சரணம் ஐயப்பா’ ஸ்டிக்கர் வெட்டிக் கொடுத்து விரல் காய்த்துவிட்டது. இன்றைக்கு மத்தியானத்திலிருந்து மழை. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

அம்மாவின் முழங்கால் வலிக்கு போனில் விளம்பரம் பார்த்து எண்ணெய் வாங்கினது, அது வெறும் வாசனைத் தண்ணியாக இருந்தது, திருப்பி அனுப்பலாம் என்றால் அந்த நம்பரே இல்லாமல் போனது எல்லாம் படித்தேன். தங்கச்சி அம்மாவைத் திட்டினாள் என்று எழுதியிருந்தாய். திட்ட வேண்டாம் என்று சொல். எண்பது வயசில் வலி தாங்காமல் ஒரு எண்ணெயை நம்பினது குற்றமா?

யூடியூபுக்கு மாதக் காசு கட்டிவிட்டால் இந்தத் தொல்லை விடுமா என்று கேட்டிருந்தாய். கட்டு, அம்மா நிம்மதியாகப் பாட்டுக் கேட்கட்டும். ஆனால் அங்கே மட்டும்தான் நிற்கும், மற்ற இடங்களில் வந்துகொண்டுதான் இருக்கும். எனக்கு மனசு ஆறாத இடம் வேறு. காசு கட்ட முடிந்தவன் ஒவ்வொருத்தனாக விலகிப் போய்விட்டால், மிச்ச விளம்பரமெல்லாம் யார் தலையில் விழும்?

எங்கள் பெரியம்மா மகன் அண்ணன் தலையில் விழுந்தது. உனக்கு அவரைத் தெரியும். பாளையங்கோட்டை விடுதிக்கு என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் ஒரு பை நிறைய நுங்கு கொண்டுவந்து நம் அறையில் வைத்துவிட்டுப் போவாரே, அவர்தான். இப்போதும் பாவூர்ச்சத்திரம் சந்தையில் மூட்டை தூக்குகிறார். தமிழ்நாட்டில் 2003-ல் லாட்டரியைத் தடை செய்தார்கள் இல்லையா, அதற்கப்புறம் மாதம் ஒருமுறை எல்லை தாண்டிக் கேரளத்து ஆரியங்காவு போய் ஒரு சீட்டு வாங்குவார். அதற்கு மேல் வாங்க மாட்டார். 2023-ல் கேரள அரசின் ஓணம் பம்பர் லாட்டரியில், வாளையாறில் வாங்கிய சீட்டுக்குத் திருப்பூர்ப் பக்கத்து ஆட்கள் நான்கு பேருக்கு 25 கோடி விழுந்ததே, அதிலிருந்து அவருக்கு ஒரு நம்பிக்கை.

இந்த வருஷம் ஓணம் சமயத்தில் அவர் போனில் ஒரு விளம்பரம். தமிழில்தான். கேரள அரசு முத்திரை, பம்பர் சீட்டின் படம், ‘வீட்டிலிருந்தே வாங்கலாம்’ என்று ஒரு வரி. பஸ் செலவு மிச்சம் என்று 500 ரூபாய் அனுப்பினார். வாட்ஸ்அப்பில் சீட்டு வந்தது. நாலு நாள் கழித்து, பரிசு விழுந்திருக்கிறது, வரியை முன்கூட்டிக் கட்டினால் பணம் வரும் என்றார்கள். முதலில் 12,000. அப்புறம் 26,000. மதினியின் கம்மல் போயிற்று. பதினோரு நாள் யாரிடமும் சொல்லவில்லை. எனக்குத் தெரியவந்து, சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடித்தபோது பணம் எத்தனையோ கணக்கு மாறிப் போயிருந்தது. அந்த நம்பருக்கு உடனே அடித்தால்தான் போன பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு.

கேரள அரசு 1967-ல் லாட்டரி தொடங்கினதிலிருந்து காகிதச் சீட்டுதான். ஆன்லைனில் விற்பதே கிடையாது. ஆரியங்காவில் எந்தச் சீட்டுக்கடையில் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். அண்ணன் யாரிடமும் கேட்கவில்லையே என்று முதலில் எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் அவர் போனை வாங்கிப் பார்த்தேன். என் போனில் அந்த விளம்பரம் ஒருநாளும் வந்ததில்லை, என் மகன் போனிலும் வந்ததில்லை. லாட்டரி முடிவை தினமும் தேடுகிற ஆள் யார் என்று பார்த்து, அவருக்கு மட்டும் வந்திருக்கிறது. பக்கத்தில் இருந்தவன் கண்ணிலேயே படாத ஒன்றைப் பற்றி யார் எச்சரிப்பது?

மாப்ளே, நான் இருபது வருஷம் சுவரில் விளம்பரம் எழுதினவன். அதனால்தான் இது எனக்கு இப்படி உறைக்கிறது. ஒரு சுவர் எழுத வேண்டும் என்றால் முதலில் வீட்டுக்காரரிடம் போய்க் கேட்க வேண்டும். சுவரை வெள்ளையடித்துத் தருகிறோம் என்று பேசி முடிப்போம். இரண்டு கை சுண்ணாம்பு, காய்ந்ததும் நூல் அடித்துக் கோடு, சாக்பீஸில் எழுத்தின் உருவம், அப்புறம்தான் பெயிண்ட். ஆரியங்காவு, தென்மலைப் பக்கம் என்றால் மலையாளத்தில் எழுதுவேன். மலையாள எழுத்துக்கு வளைவு அதிகம், தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், இடைவெளி விட்டு எழுத வேண்டும். நகைக்கடை விளம்பரம் என்றால் இந்தப் பக்கம் ‘செய்கூலி’, அந்தப் பக்கம் ‘பணிக்கூலி’. எல்லாம் முடிந்ததும் வலது மூலையில் சின்னதாக என் கடைப் பெயர், ஊர்ப் பெயர். தெருவில் போகிற எல்லோரும் அந்த ஒரே சுவரைத்தான் பார்ப்பார்கள். டீக்கடையில் உட்கார்ந்து, ‘அவன் சொல்றதை நம்பாதே’ என்று யாராவது ஒருத்தன் சொல்லிவிடுவான்.

உனக்கு இதுவரை எழுதாத ஒன்றை இப்போது எழுதுகிறேன். 1990-களில் வருஷத்துக்கு 36 சதவீத வட்டி என்று ஊருக்கு ஊர் பைனான்ஸ் கம்பெனிகள் முளைத்தது ஞாபகம் இருக்கும். மூடிக்கொண்டு போனவை அத்தனை இருந்ததால்தான் 1997-ல் வைப்பாளர்களுக்காகத் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. அப்படி ஒரு கம்பெனிக்கு நான் ஏழு சுவர் எழுதினேன். அது மூடின வாரம், பூக்கட்டி விற்கிற ஒரு பாட்டி என் கடை வாசலில் வந்து நின்றாள். ‘மூலையில உன் பேருதானய்யா போட்டிருக்கு? யாரோ வாசிச்சுச் சொன்னாங்க’ என்றாள். சண்டை போடவில்லை. பணம் எப்போ வரும் என்று என்னிடம் கேட்டாள். எனக்குத் தெரியும் என்று நினைத்திருக்கிறாள். அன்றைக்கு ராத்திரியே சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு போய் ஏழு சுவரையும் அழித்தேன். அவள் பணம் திரும்பவில்லை. ஆனால் வந்து கேட்க அவளுக்கு ஒரு வாசல் இருந்தது, போய் அழிக்க எனக்கு ஒரு சுவர் இருந்தது. எங்கள் அண்ணன் எந்த வாசலில் போய் நிற்பார்?

இணையத்தில் முதல் பேனர் விளம்பரம் வந்தது 1994 அக்டோபர் 27 என்று மகன் காட்டினான். ஹாட்வயர்டு என்கிற தளத்தில், ஏடி அண்ட் டி கம்பெனிக்காக. அதுவும் ஒரு சுவர் மாதிரிதான், அந்தப் பக்கத்துக்கு வந்த எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மேலே ஒரு பட்டை. இப்போது அப்படி இல்லை. நாம் ஒரு பக்கத்தைத் திறக்கிற கண்ணிமைக்கும் நேரத்துக்குள் நம்மை வைத்து ஒரு ஏலம் நடந்து முடிந்துவிடுகிறது. இந்த ஆள் இந்த ஊர், இந்த வயசு, நேற்று இதைத் தேடினான், எவ்வளவு தருகிறாய் என்று. அந்த ஏலச் சந்தையையும், இணையதளங்கள் இடம் விற்கிற கருவியையும் கூகுள் சட்டத்துக்குப் புறம்பாக ஏகபோகமாக வைத்திருக்கிறது என்று இந்த ஏப்ரலில் அமெரிக்க நீதிபதி லியோனி பிரிங்கெமா தீர்ப்புச் சொன்னார். அண்ணனிடம் இதை விளக்கினேன். ‘கமிஷன் கடைக்காரனே தராசையும் வச்சுக்கிட்டு, மார்க்கெட்டையும் வச்சுக்கிட்டா விவசாயி எங்கே போவான்?’ என்று கேட்டார். நாற்பது வருஷம் சந்தையில் மூட்டை தூக்கினவருக்கு உடனே பிடிபட்டுவிட்டது.

நவம்பரில் ராய்ட்டர்ஸ் வெளியிட்ட செய்தியைப் பார்த்தாயா? பேஸ்புக்கை நடத்தும் மெட்டா கம்பெனியின் உள் ஆவணங்களைப் பார்த்து எழுதியது. 2024 வருமானத்தில் சுமார் 10 சதவீதம், அதாவது 1,600 கோடி டாலர், மோசடி விளம்பரங்களிலும் தடை செய்த பொருள் விளம்பரங்களிலும் வரும் என்று அவர்களே உள்ளுக்குள் கணக்குப் போட்டிருந்தார்களாம். மோசடிதான் என்று 95 சதவீதம் உறுதியானால்தான் விளம்பரதாரரைத் தடை செய்வார்களாம். அது தோராயக் கணக்கு, அளவுக்கு மீறிச் சேர்த்தது என்று கம்பெனி மறுத்திருக்கிறது. இருக்கட்டும். பாதிக்குப் பாதி சந்தேகம் இருந்தாலே நான் சுவர் எழுதப் போகமாட்டேன். அந்தப் பாட்டிக்கு அப்புறம் அப்படித்தான் இருந்தேன்.

ஒரு மனுஷன் மன்னிப்புக் கேட்டிருக்கிறார், அதையும் சொல்ல வேண்டும். ஈதன் ஜுக்கர்மன். பேஸ்புக்காரர் இல்லை, இவர் வேறு. பக்கத்தைத் திறந்ததும் தனியாகத் துள்ளிக்கொண்டு வருமே பாப்-அப் விளம்பரம், அதற்கு 1990-களில் நிரல் எழுதியவர். ஒரு கார் கம்பெனி தன் விளம்பரம் ஆபாசப் பக்கத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது என்று கோபப்பட, விளம்பரத்தைத் தனி ஜன்னலில் திறந்துவிடலாம் என்று செய்தாராம். 2014-ல், அதை எழுதியது நான்தான், மன்னித்துவிடுங்கள் என்று வெளிப்படையாக எழுதினார். படித்தபோது அவர் கையிலும் ஒரு சுண்ணாம்பு வாளி இருந்த மாதிரி எனக்குத் தோன்றியது.

சட்டத்தால் முடியாது என்று நீ எழுதியிருந்ததை நான் ஒப்பவில்லை. ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்குத் தடை வந்ததே, அதில் விளம்பரம் செய்பவருக்கே இரண்டு வருஷம் வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம் என்று இருக்கிறது. கிரிக்கெட் அணியின் சட்டையிலிருந்தே ஒரு கம்பெனிப் பெயர் போயிற்று. எங்கள் பையன்கள் போனில் நாள் முழுக்க வந்துகொண்டிருந்த ரம்மி விளம்பரம் பளிச்சென்று குறைந்தது. விளம்பரம் போட்டவன் பொறுப்பு என்று ஒரு வரி இருந்தால் எல்லாம் நடக்கும்.

இணையத்தால் எல்லாம் கெட்டது என்று நான் சொல்லவும் மாட்டேன். சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தித் தோட்டத்தைப் போன ஆடியில் பார்த்திருக்க வேண்டும். ரீல்ஸ் பார்த்துவிட்டு கொல்லம், பத்தனம்திட்டா, இன்னும் எங்கிருந்தெல்லாமோ குடும்பம் குடும்பமாக வந்து இறங்குகிறார்கள். எண்ணெய்க்குப் போட்ட பயிர். செடிக்குள் புகுந்து மிதித்தால் விவசாயிக்கு வயிறு எரியாதா? சிலர் ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு வரப்போடு நிறுத்தி விடுகிறார்கள். அதுதான் சரி. பதநீர் விற்கிற ஒரு அக்கா, ‘பூ இருக்கிற வரைக்கும் எனக்குத் தீபாவளிதான் தம்பி’ என்றாள். அவளுக்கு யாரும் விளம்பரம் கொடுக்கவில்லை. யாரோ ஒரு மலையாளிப் பெண் ரசித்து எடுத்த வீடியோ.

எங்கள் ஊர் 1956-ல் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுத் தமிழ்நாட்டுக்கு வந்தது, உங்கள் ஊர் 1960-ல் ஆந்திராவை விட்டு. எங்கள் ஊர் நுழைவு வளைவில் இன்னும் அந்தத் திருவிதாங்கூர்ச் சங்கு முத்திரை இருக்கிறது. கோட்டைவாசல் தாண்டிக் கேரள டவர் கிடைத்துவிட்டால் என் போன் மலையாளத்தில் பேச ஆரம்பிக்கிறது. உனக்கு நகரிப் பக்கம் போனால் தெலுங்கில் வருகிறது என்று எழுதியிருந்தாய். விளம்பரக்காரர்கள் மட்டும் எல்லையை இத்தனை சரியாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள். எச்சரிக்கை செய்பவர்களும் அந்தந்த மொழியில் வந்து சொல்ல வேண்டாமா?

அதனால் ஒரு காரியம் செய்தேன். பிளெக்ஸ் வந்து என் பிரஷ் தூங்கி எத்தனையோ வருஷம். போன ஞாயிறு அதை மண்ணெண்ணெயில் ஊறவைத்து எடுத்து, கடையின் பக்கச் சுவரை வெள்ளையடித்து எழுதினேன். ‘கேரள லாட்டரி ஆன்லைனில் கிடையாது. பரிசு வாங்க முன்பணம் கேட்டால் மோசடி. ஏமாந்தால் வெட்கப்படாதீர்கள், உடனே 1930.’ மேலே தமிழ், கீழே மலையாளம். ‘வெட்கப்படாதீர்கள்’ என்பதை மட்டும் சிவப்பில் போடச் சொன்னது அண்ணன். ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றதும் அவர்தான். இந்த ஐந்து நாளில் மூன்று பேர் உள்ளே வந்து, எனக்கும் இப்படி ஒன்று வந்திருக்கு, பாருங்கள் என்று போனை நீட்டினார்கள்.

31-ஆம் தேதி உங்கள் ஊரில் படித்திருவிழாக் கூட்டமாக இருக்கும். பொங்கல் கழிந்து வருகிறேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து உன் வீட்டுச் சுவரில் எழுதலாம். எண்ணெய், மூட்டுவலி மருந்து, லோன் ஆப், என்னென்ன போட வேண்டும் என்று அம்மாவையும் கேட்டு எழுது. தெலுங்கு வரிகளைத் தங்கச்சி எழுதட்டும். எனக்குத் தெலுங்கு எழுத்து பழக்கமில்லை, ஒவ்வொரு எழுத்தையும் பெரிதாகத் தனித்தனியாக எழுதி அனுப்பச் சொல், பொங்கலுக்குள் கை பழக்கிக்கொள்கிறேன். சுவரின் நீளம், உயரம் இரண்டையும் அடிக்கணக்கில் அளந்து அனுப்பு. பழைய பெயிண்ட் உரிந்திருந்தால் இப்போதே சுரண்டிப் போடு.

இப்படிக்கு,
உன் பழைய அறைத்தோழன்